கால்நடை டாக்டர் பதில்கள்: கோழித் தீவனத்துல மூலிகை எண்ணெய் கலக்கலாமா?

கேள்வி: சார், நாட்டுக்கோழி 500 உருப்படி வளர்க்குறேன், தீவனம் நானே அரைச்சுக்குறேன். ஒரு ஏஜென்ட் வந்து ஆர்கனோங்கற மூலிகைச் செடியோட எண்ணெய்னு ஒரு பாட்டில காட்டி, இத கலந்தா ஆன்டிபயாடிக்கே வேணாம், தடுப்பூசியும் வேணாம், குடல் சுத்தமாயிடும்னு சொல்றாரு. விலையக் கேட்டா தலை சுத்துது. இதுக்கு பதிலா ஓமத்த அரைச்சுப் போட்டா ஆகாதா?
வாசகர், ராசிபுரம்

பதில்: மொதல்ல தடுப்பூசி வேணாம்னு சொன்னாரு பாருங்க, அதுக்கே அந்த ஆள வாசலோட அனுப்பியிருக்கணும். வெள்ளைக்கழிச்சல் வைரஸால வர்றது, அது வந்த பண்ணையில எந்த எண்ணெயும் நிக்காது. குஞ்சுக்கு 7ம் நாள்ல சொட்டு மருந்து, அப்புறம் 8 வாரத்துல ரெக்கை ஊசி, இதுல கைய வைக்காதீங்க.

மத்தபடி அந்தச் சரக்கு சுத்தப் பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவுல கோழி சீக்கிரம் வளரணும்னு தீவனத்துல ஆன்டிபயாடிக் போடுறத 2006லயே மொத்தமா நிறுத்திட்டாங்க, நம்ம நாட்டுலயும் 2019ல கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு தடை வந்துச்சு, அந்த எடத்த நிரப்பத்தான் இந்த செடிச்சாறு எல்லாம் மார்க்கெட்டுக்குள்ள வந்துச்சு. ஆர்கனோவுல இருக்குற கார்வக்ரால், தைமால்ங்கற ரெண்டு பொருளும் பாக்டீரியாவோட மேல்சவ்வுல ஓட்டை போட்டு உள்ள இருக்கறத வெளிய கசிய விட்டுடும். ஓமத்துல இருக்கறதும் அதே தைமால்தான், உள்ளங்கையில கொஞ்சம் கசக்கி மோந்து பாருங்க, மூக்குல சுள்ளுனு ஏறுற அந்த வாசனையே அதுதான்.

அப்ப ஓமமே போதுமேன்னு கேப்பீங்க. சிக்கல் எங்கன்னா, 1 கிலோ ஓமத்துல எண்ணெய்னு பாத்தா சுமாரா 20லருந்து 40 கிராம்தான் வரும், அதுவும் வெளைஞ்ச ஊரு, எத்தன மாசம் மூட்டையில கெடந்துச்சுங்கறத பொறுத்து மாறும், அரைச்சு வெச்சுட்டா வாசனை பறக்கப் பறக்க சத்தும் கூடவே போயிடும். இன்னொன்னு, வெறும் எண்ணெயா உள்ள போனா இரைப்பையத் தாண்டி முன்குடல்லயே பெரும்பகுதி ரத்தத்துல ஏறிடுது. க்ளாஸ்ட்ரிடியம் மாதிரி குடல அழுக வெக்குற கிருமி இன்னும் கீழ உக்காந்துருக்கு, அங்க வரைக்கும் போய்ச் சேர்றது கொஞ்சம்தான். அதனாலதான் நல்ல கம்பெனிங்க எண்ணெய கொழுப்புல பூசி மணி மணியா தர்றாங்க, அது மெதுவா கரைஞ்சு கீழ எறங்கும். தீவனத்த அமுக்கி குச்சி குச்சியா பெல்லட் அடிக்கிற சூட்டுலயும் பூச்சு இல்லாத எண்ணெய் ஆவியாயிடும். ஏஜென்ட் கிட்ட கேக்க வேண்டியது இதத்தான்: தைமால், கார்வக்ரால் எத்தன சதவீதம், பூச்சு இருக்கா, டன்னுக்கு எத்தன கிராம். பதில் சொல்லாம பாட்டில மட்டும் ஆட்டுனார்னா விட்டுடுங்க.

சொல்லி வாங்குனாலும் எல்லாத்துக்கும் ஒரே நாள்ல போட்டுடாதீங்க. ஒரே பேட்ச் குஞ்ச ரெண்டு தடுப்பா பிரிச்சு, ஒண்ணுக்கு கலந்தது இன்னொண்ணுக்கு கலக்காதது, வாராவாரம் எடை, தின்ன தீவனம், செத்தது எத்தன, மூணையும் நோட்டுல எழுதுங்க. என் கணிப்பு என்னன்னா, சுத்தமா இருக்குற ஷெட்டுல பெரிய வித்தியாசம் தெரியாது, நெருக்கடியா வெயில்ல தவிக்கிற கூட்டத்துலதான் இது காசுக்கு வேலை செய்யும்.

கேள்வி: டாக்டர், 4 வாரக் குஞ்சுங்க எச்சத்துல ரத்தம். மாமியார் மஞ்சளும் பூண்டும் அரைச்சுக் குடுக்கச் சொல்றாங்க. குடுக்கவா?
வாசகி, பல்லடம்

பதில்: அம்மா, குடுங்க, ஆனா இப்ப இல்ல. இது ரத்தக்கழிச்சல் மாதிரிதான் தெரியுது, ஐமீரியாங்கற ஒட்டுண்ணி குடல் சுவரையே அரிக்கிற வியாதி, ரெண்டு நாள் தாமதம் பண்ணா குஞ்சுங்க வரிசையா விழும். பக்கத்து கால்நடை மருந்தகத்துல எச்சத்த காட்டி உறுதி பண்ணிட்டு அவங்க சொல்ற மருந்த உடனே தண்ணியில குடுங்க. ஆம்ப்ரோலியம் குடுத்தாங்கன்னா அந்த நாள்ல பி-1 வைட்டமின் டானிக் சேர்த்துக் குடுத்துடாதீங்க, மருந்து வேலை செய்யாது, நெறைய பேரு குஞ்சு சோர்ந்திருக்கேன்னு பாசத்துல ரெண்டையும் ஒண்ணா ஊத்திடுறாங்க.

அப்புறம் ஷெட்டு தரையில விரிச்ச கூளத்தப் பாருங்க. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் புடிச்சு விடுங்க, உருண்டையா அப்படியே நின்னா ஈரம் அதிகம், உதிர்ந்துச்சுன்னா சரி. அந்த ஒட்டுண்ணியோட முட்டை ஈரமும் சூடும் கெடச்சா ஒண்ணு ரெண்டு நாள்லயே அடுத்த கோழிக்குத் தொத்த ரெடியாயிடும். ட்ரிங்கர் சுத்தி கட்டி தட்டுன உமிய அள்ளி வீசிட்டு புதுசு போடுங்க, தெனமும் கிளறி விடுங்க. குஞ்சுங்க தேறுனப்புறம் மஞ்சத்தூள் 100 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ கலக்கலாம், ஆராய்ச்சிலயும் பெரும்பாலும் இந்த அளவுலதான் குடுத்துப் பாக்குறாங்க. மாமியார் கிட்ட அப்படியே சொல்லுங்க, அவங்க சொன்னதும் நடந்த மாதிரி ஆச்சு.

கேள்வி: பூண்ட இடிச்சு தண்ணி டேங்க்ல போடலாமா?
வாசகர், உடுமலை

பதில்: கோழி கொத்துனா சொட்டு சொட்டா தண்ணி விடுற நிப்பிள் பைப் லைனா இருந்தா வேணவே வேணாம், சக்கை அடைச்சு கோழி தாகத்துல செத்துடும், பைப்புக்குள்ள வழுவழுன்னு பாசி வேற புடிக்கும். பூண்டுல வேலை செய்ற அல்லிசின் இடிச்சாதான் உண்டாகும், ஆனா ரொம்ப நேரம் நிக்காது. சின்ன தட்டுத் தண்ணியில வடிகட்டி, ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கிற அளவு மட்டும் ஊத்துங்க. தண்ணியில தடுப்பு மருந்து குடுக்குற அன்னிக்கு பூண்டு, குளோரின் எதுவும் கிட்ட வரக்கூடாது.

கேள்வி: மொளகாத்தூள் கலந்தா கோழிக்கு காரம் அடிக்காதா சார்?
வாசகர், கரூர்

பதில்: அடிக்காதுப்பா. நம்ம நாக்க எரிக்கிற கேப்சைசின் பறவைங்களோட நரம்புல ஒட்டவே ஒட்டாது, அதான் கிளி பச்சமொளகாய அப்படி ரசிச்சுத் திங்குது. கலக்குறப்ப நீங்க மூக்கு வாய கட்டிக்கோங்க, செகப்பு நெறம் மஞ்சக்கருல ஏறும், அத வாங்குறவங்க கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா சாயம் போட்டீங்களான்னு சண்டைக்கு வருவாங்க.