கடற்கரையில் கட்டடம் வருகிறதா? முதலில் கோட்டைப் பாருங்கள்
வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்னைக் கடற்கரைகளில் வணிகக் கட்டடங்கள் வருவதை எதிர்த்து வந்த கடிதங்களில் ஏழு கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பகுதியில் மணலை ஒட்டித் தகரம் அடைத்து ஜே.சி.பி. நிற்கிறது. உணவு வளாகம் வருகிறது என்று பேச்சு. யாரிடம் போய் என்ன கேட்பது?
வாசகர், பெசன்ட் நகர்

யாரிடமும் போவதற்கு முன்னால் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். "கடற்கரையில் கட்டுகிறார்கள்" என்று எழுதிய மனு மேசை மேசையாகச் சுற்றும். வட்டம், கிராமம், பிளாக், சர்வே எண் போட்ட மனுவுக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மாநகருக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், அதாவது டி.எஸ்.எல்.ஆர்., எடுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, அரசுப் புறம்போக்கா என்பது அதிலேயே தெரியும்.

அடுத்து, அந்த எண்ணை அரசின் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் தேடுங்கள். அதில் உயர் அலைக் கோடு என்று ஒன்று வரைந்திருக்கும். நீங்கள் போய் நிற்கும் அன்று தண்ணீர் தொடுகிற இடம் அதுவல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் கடல் ஏறி வருகிற எல்லை அது. பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அலை நுனியிலிருந்து டேப் பிடித்து அளந்து, "இவ்வளவு மீட்டருக்குள் கட்டுகிறார்கள்" என்று எழுதுகிறார்கள். அந்த அளவை அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார். வரைபடத்தில் உள்ள கோட்டிலிருந்து அளந்தால்தான் செல்லும்.

கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். சென்னையில் நெருக்கமாகக் கட்டிய பகுதிகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில் வரும். அந்த வகையின் அடிப்படை விதி எளிது: ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, ஏற்கெனவே அனுமதியோடு நிற்கும் கட்டடத்துக்கோ நிலப்பக்கத்தில் மட்டும்தான் புதிதாகக் கட்டலாம். கடல் பக்கம் கூடாது. ஓதம் ஏறி இறங்கும் ஈர மணல் முதல் வகையில் வருகிறது. அங்கே கட்டுப்பாடு இன்னும் கடுமை.

இதில் ஒரு தந்திரம் உண்டு. கடல் பக்கமாகப் புதுச் சாலை ஒன்றைப் போட்டுவிட்டு, "எங்கள் மனை இப்போது சாலைக்கு நிலப்பக்கம்தானே" என்பார்கள். இந்த மண்டல விதிகளை வகுக்கும் மத்திய அரசின் 2011 அறிவிக்கை இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. பழைய சாலைக்குக் கடல் பக்கம் போட்ட புதுச் சாலையைக் காட்டி, அதன் நிலப்பக்கத்தில் அனுமதி தரக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆகவே சாலை எந்த ஆண்டு வந்தது என்பதற்குப் பழைய செயற்கைக்கோள் படம் ஒன்றை எடுத்து வையுங்கள்.

இப்படி 1991, 2011, 2019 என்று மூன்று அறிவிக்கைகள் உண்டு. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை ஒரு பகுதிக்குப் பொருந்த வேண்டுமானால், அந்தப் பகுதியின் வரைபடம் அதன்படி திருத்தப்பட்டு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். அதுவரை 2011-தான். எந்த வரைபடத்தை வைத்து அனுமதி கொடுத்தார்கள் என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகு அந்த மனை சாலைக்கு மேற்கே இருப்பதாகத் தெரிந்தால், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே கட்டடமே சட்டவிரோதம் என்று வாதாடினால் உங்கள் மற்ற புகார்களும் சேர்ந்து பலவீனமாகும். தளப்பரப்பு விகிதம் (மனையின் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு), வாகன நிறுத்தம், ஆழ்துளைக் கிணறு என்று வேறு பிடிகள் இருக்கின்றன.

ஆர்.டி.ஐ. போட்டோம். "இது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று திருப்பிவிட்டார்கள். என்ன தவறு?
வாசகி, திருவான்மியூர்

"ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டிருப்பீர்கள். ஏன், எப்படி, நியாயமா என்ற கேள்விகளுக்குப் பதில் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தின் நகலைத்தான் அவர் தர வேண்டும். ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: விண்ணப்பதாரர் கொடுத்த படிவம், 1:4000 அளவில் திட்டத்தைப் பொருத்திக் காட்டிய மண்டல வரைபடம், மாவட்டக் கடற்கரை மேலாண்மைக் குழுமத்தின் பரிந்துரை, மாநிலக் குழுமக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புத் தாள்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். கீழ்நிலை அலுவலர் "கூடாது" என்று எழுதி, மேலே அது மாறியிருந்தால் அங்கேதான் தெரியும்.

ரூ.10-க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். நகல் கேட்பதோடு "கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்" என்ற ஒரு வரியும் சேருங்கள். பார்வையிடப் போகும்போது வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

மாநகராட்சி, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), சுற்றுச்சூழல் துறை என மூன்றுக்கும் ஒரே நாளில் தனித்தனியாகப் போடுவது நல்லது. ஒருவர் "எங்களுக்கு வரவில்லை" என்றும் இன்னொருவர் "அனுப்பிவிட்டோம்" என்றும் எழுதிக் கொடுப்பது நடக்கும். அந்த இரண்டு தாளும் சேர்ந்தால் அதுவே சாட்சி.

ஐயாயிரம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். ஒரு அசைவும் இல்லையே?
வாசகர், மயிலாப்பூர்

கையெழுத்துப் பட்டியல் எத்தனை பக்கம் போனாலும் கோப்பில் அது ஒரே மனு. நாளிதழுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அது பயன்படும். கோப்புக்கு வேண்டியது ஆட்சேபம். ஐம்பது பேர், ஆளுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு காரணம் என்று எழுதினால் ஐம்பதுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் "ஒரே மாதிரியான மனுக்கள்" என்று ஒன்றாகக் கட்டிவிடுவார்கள்.

ஒரு பக்கத்தில் இவ்வளவு போதும்: சர்வே எண், மீறப்படும் விதி, அதற்கான சான்று, என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கை. சான்றில் உள்ளூர் அறிவுதான் பலம். உதாரணத்துக்குப் பங்குனி ஆமை. ஆமை முட்டையிடும் மணல் முதல் வகை மண்டலத்தில் வரும். அந்த ஆமையோ வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு வாரத்தில் முட்டை பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகரும். கடற்கரையில் ஃபிளட் லைட் போட்டால் கடலை விட்டுவிட்டுச் சாலைக்குப் போகும். எந்த மாதத்தில், எந்த இடத்தில் முட்டைக்குழி இருந்தது என்ற வனத்துறைப் பதிவை இணைத்தால், "இயற்கை அழிகிறது" என்ற பொதுவான வரியைவிட நூறு மடங்கு கனம்.

"எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாமல் போகும்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தக் கவலை உண்மைதான், ஆனால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. அதைக் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கையில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும், தபாலில் அனுப்பினால் ஒப்புகையும் வாங்கி வையுங்கள். பின்னால் நீதிமன்றம் போனால் கேட்கிற முதல் கேள்வி, "மனு கொடுத்தீர்களா, எப்போது?" என்பதுதான்.

வணிக வளாகத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தாமல் எப்படி அனுமதி தந்தார்கள்?
வாசகர், பட்டினப்பாக்கம்

சட்டமே அப்படி இருக்கிறது. 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், கட்டுமானத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு உண்டு. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் கீழே என்றால் அந்த அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. அதனால் சில நிறுவனங்கள் ஒரே வளாகத்தை இரண்டு மூன்றாகப் பிரித்துக் காட்டும். பொது நுழைவாயில், பொது மின்இணைப்பு, பொதுக் கழிவுநீர்த் தொட்டி இருந்தால் அது ஒரே திட்டம் என்று வாதிட இடம் உண்டு. கடற்கரை மண்டல அனுமதி வேறு விஷயம். பரப்பு குறைந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

கூட்டம் நடக்கும் திட்டங்களும் உண்டு. மெரினாவில் கடலுக்குள் பேனா நினைவுச் சின்னம் அமைப்பது பற்றி 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கில் நடந்தது ஒன்று. அப்படிக் கூட்டம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும், கூட்டம் முழுக்க வீடியோவில் பதிவாக வேண்டும், முடிவில் பேசியவற்றின் சாரத்தை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். கூச்சலில் மைக் கிடைக்காமல் போவது சாதாரணம். பேசப் போவதை எழுதி இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலரிடம் கொடுத்து, மற்றதில் கையெழுத்து வாங்குங்கள். கூட்டத்தைப் புறக்கணித்து வெளியேறுவது தொலைக்காட்சியில் நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் ஆட்சேபம் பதிவேட்டில் இருக்காது.

கரையைப் பலப்படுத்தக் கல் கொட்டுகிறோம், அதன்மேல் நடைபாதையும் கடைகளும் வரும் என்கிறார்கள். நல்லதுதானே?
வாசகர், திருவொற்றியூர்

உங்கள் ஊர்க்காரர்களுக்கே இதன் விளைவு தெரியும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவ மாதங்களில் மட்டும் திசை திரும்பும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் அதன் தெற்கே தேங்கியது. இன்று நாம் பார்க்கும் மெரினாவின் அகலம் அப்படி வந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரத்திலிருந்து மேலே கரை அரித்தது. ஒவ்வொரு தூண்டில் வளைவும், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கொட்டும் கல் சுவரும், இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். தன் தெற்கே சேர்த்து, வடக்கே தின்னும்.

ஆகவே கேட்க வேண்டியது: வடக்கே அடுத்த குப்பத்துக்கு என்ன ஆகும் என்று மணல் ஓட்ட ஆய்வு நடந்ததா, எத்தனை பருவங்களுக்கு அளந்தார்கள்? ஒரே பருவத்தில் எடுத்த அளவைக் காட்டினால் ஏற்காதீர்கள். கரைப் பாதுகாப்பு என்ற பெயரில் கடைகள் வருகிறதென்றால், கல்லுக்கும் கடைக்கும் தனித்தனி அனுமதி கேட்டார்களா என்றும் பாருங்கள்.

கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்றுதான் நாங்களும் கேட்கிறோம். மால் வேண்டாம், ஆனால் மீன் கடைகளையும் வலைகளையும் அகற்றலாமே?
வாசகி, அடையாறு

இதில் உங்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. வலை காய்வதும் படகு ஏற்றி வைப்பதும் மீன் விற்பதும் கடற்கரையின் முதல் பயன்பாடு. மீனவர்கள் பயன்படுத்தும் பொது இடங்களையும், குடும்பம் பெருகும்போது வேண்டிய குடியிருப்பு நிலத்தையும் மேலாண்மைத் திட்டத்தில் குறித்துக் காட்ட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த இடங்கள் வரைபடத்தில் வெறுமையாக இருந்தால், நாளைக்கு அது "காலி மணல்" ஆகி டெண்டருக்குப் போகும். குப்பத்தை அகற்றச் சொல்லிக் கேட்கிற அதே வாயால் மால் வருவதை எதிர்த்தால் அதிகாரிக்கு வேலை சுலபம். நொச்சிக்குப்பத்திலோ ஊரூர் ஆல்காட் குப்பத்திலோ ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசி, எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் படகு நிற்கும், கரைவலை எங்கே இழுப்பார்கள் என்று சேர்ந்து ஒரு வரைபடம் போடுங்கள். திட்ட வரைவுக்கு ஆட்சேபம் கேட்கும்போது அதைவிட வலுவான இணைப்பு வேறு கிடையாது.

இன்னொன்று. மணல்மேட்டையும் இயற்கை அமைப்பையும் அழகுக்காகவோ கேளிக்கைக்காகவோ மாற்றுவது 2011 அறிவிக்கையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. "அழகுபடுத்துதல்" என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்ட வேண்டாம்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி என்ன வழி? மெரினாவில் உண்ணாவிரதம் இருக்கலாமா?
வாசகர், திருவல்லிக்கேணி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: மெரினாவில் போராட்டத்துக்கு அனுமதி தருவதில்லை. வள்ளுவர் கோட்டம் போன்ற ஒதுக்கப்பட்ட இடத்துக்கு, ஐந்து நாளாவது முன்கூட்டிக் காவல் துறையில் எழுதிக் கேட்க வேண்டும்.

முதல் கேள்விக்கு நாள்காட்டியை எடுங்கள். அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். தொண்ணூற்றோராவது நாள் போனால், எவ்வளவு நியாயம் இருந்தாலும் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரமில்லை. நல்ல வழக்குகள் பல இங்கேதான் செத்துப்போகின்றன. மனு மேல் மனு போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தே நாளைத் தொலைப்பார்கள். அனுமதி விவரங்கள் வெளியாகும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்ப்பது ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

அனுமதியே வாங்காமல் கட்டுகிறார்கள் என்றால் தீர்ப்பாயச் சட்டத்தில் வேறு பிரிவு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், அதற்கு மேல் 60 நாள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ரூ.1,000. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். கடைசி நேரத்தில் இதற்கே நான்கு நாள் போய்விடும்.

மனுவோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். தடை இல்லாவிட்டால் விசாரணை நடக்கும்போதே மூன்று மாடி எழும்பிவிடும், பிறகு "இவ்வளவு செலவாகிவிட்டதே" என்ற வாதம் வரும். கொச்சி மரடில் விதியை மீறிக் கட்டிய அடுக்குமாடி வளாகங்களை உச்ச நீதிமன்றத்தின் 2019 உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது அபூர்வம். வீடு வாங்கியவர்கள்தான் தெருவுக்கு வந்தார்கள். அஸ்திவாரக் குழி தோண்டும்போதே, தேதியும் இடமும் பதிவாகும் வகையில் வாரம் ஒரு படம், அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் எடுத்து வையுங்கள்.