அடுப்படிப் புகை யார் கணக்கில்? – வாசகர் கடிதம்

அன்புள்ள சேர்,

பேராதனையில் படித்து முடித்துவிட்டு இப்போது ஹட்டனில் வேலை செய்கிறேன். நண்பர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி சுற்றாடல் சட்டங்களை வாசிக்கிறோம். வளி மாசு பற்றி அரசாங்கம் கொண்டுவரும் ஒழுங்குவிதிகளை, வர்த்தமானியில் வருமுன் வரைவாக இருக்கும்போதே மதிப்பிட்டுக் கருத்து அனுப்ப வேண்டும் என்று ஆசை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம் இப்படியான வரைவுகளை 12 அளவுகோல்களால் அளந்து, ஒவ்வொன்றுக்கும் 5 என்று 60க்குப் புள்ளி போட்டிருக்கிறது. அந்த முறை இங்கே சரிவருமா? காற்று மாசுக்கு நம் நாடு வைத்திருக்கும் எல்லைகள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவைவிட மிகவும் தளர்வானவை. அப்படியென்றால் எந்த வரைவும் தோல்விதானே? புகை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது என்றும் சொல்கிறார்கள். தோட்டத்து மக்களிடமும் கருத்துக் கேட்போம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். இதெல்லாம் அவர்களுக்கு விளங்காது, நேரம்தான் வீணாகும் என்று நான் சொல்லிவிட்டேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?

ம., ஹட்டன்

அன்புள்ள மகள்,

ஒழுங்குவிதிகளை உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளைகள் மலையகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். கொஞ்ச நாளாக என் மனதிலும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே பதில் எழுத இன்னொரு காரணம், உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்ததும் வந்த கோபம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

60 புள்ளி முறையைத் தாராளமாக எடுத்துப் பாருங்கள். சட்டத்தை எழுதியவர்கள் வீட்டுப்பாடம் செய்தார்களா என்றுதான் அது பார்க்கிறது. பிரச்சினை என்ன என்று ஆதாரத்தோடு சொன்னார்களா, வேறு வழிகளை யோசித்தார்களா, செலவு யார் தலையில் விழும், நன்மை யாருக்குப் போகும், சட்டம் வேலை செய்ததா என்று பிற்பாடு எதை வைத்துத் தெரிந்துகொள்வது. இந்தக் கேள்விகள் எந்த ஊருக்கும் பொருந்தும். மூன்று புள்ளியா நாலு புள்ளியா என்று உங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும், நீங்கள் முடிப்பதற்குள் வரைவு சட்டமாகிவிடும்.

இந்தியப் புகையில் உண்மை இருக்கிறது. வருஷக் கடைசியில் வடகீழ்ப் பருவக்காற்றோடு அது வருகிறது. 2022 டிசம்பரில் காற்று கெட்டுப்போய் ஒரு நாள் பாடசாலைகளையே மூடினார்கள். ஆனால் கண்டியைப் பாருங்கள். சுற்றிவர மலை, நடுவில் பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் அத்தனை பஸ், அத்தனை த்ரீவீல். அது எந்த நாட்டுப் புகை? அதை விடுங்கள்.

எல்லைகள் விஷயமும் அப்படித்தான். 2008 வர்த்தமானியின்படி 2.5 மைக்ரோனுக்கு உட்பட்ட நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் வருஷச் சராசரியாக 25 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியாக 50 வரை இருக்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் சொன்னது 5, 15. தளர்வுதான். ஆனால் நம் 25ம் 50ம் அதே ஸ்தாபனம் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி வைத்திருக்கும் இடைக்கால இலக்குகளில் ஒன்றோடு பொருந்துகின்றன. அந்த 25ஐ நாளைக்கு 5 என்று மாற்றினாலும் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு துகள்கூடக் குறையப்போவதில்லை. யார் அளப்பது, எங்கே வைத்து அளப்பது, மீறினால் யார் பதில் சொல்வது என்று எழுதாத வரைவில் எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்றுதான்.

இனி அந்தக் கடைசி வரி. "இதெல்லாம் அவர்களுக்கு விளங்காது." யாருக்கு மகள் விளங்காது? கவ்வாத்து வெட்டிய மிலாறு, அதாவது தேயிலைச் செடியின் குச்சி, எத்தனை நாள் வெயிலில் கிடந்தால் புகை குறையும், சவுக்கு விறகு எப்படி எரியும், யூகலிப்டஸ் எப்படி எரியும், எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்பி ஸ்டோர் புகையை, அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் புகையை, லயத்து வரிசை வீடுகளுக்குள் தள்ளும், இதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள். நுண்துகள் என்ற பேர் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை நாற்பது வருஷம் சுவாசித்தவர்களிடம் போய்க் கேட்பது நேரத்தை வீணாக்குவது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பட்டம் வாங்கிய பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது? உங்கள் பாட்டி எந்த லயத்தில் இருந்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நான் பிறந்தது இரட்டை லயத்தில். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வரிசை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், அதனால் பின்பக்கம் ஜன்னலுக்கே இடமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை, அதுதான் காம்பரா. முன்னால் இருந்த இஸ்தோப்பை, அதாவது திண்ணையை, தகரத்தால் மறைத்து அடுப்படி ஆக்கியிருந்தோம். நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் நாலு வீட்டில் இருமல் கேட்கும். அம்மா இருட்டோடு எழும்பிவிடுவார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முன் ரொட்டி சுட்டு, தேத்தண்ணி வைத்து, மத்தியானத்துக்கும் கட்டி முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மிலாறு ஈரமாக இருக்கும், ஊதுகுழலை வைத்து ஊதி ஊதித்தான் நெருப்புப் பிடிக்கும். தகரத்தின் உட்பக்கம் தார் பூசின மாதிரி கரி ஏறியிருக்கும். மழை ஒழுகினால் கறுப்பாகச் சொட்டும். கொடியில் காயப்போட்ட என் வெள்ளைச் சட்டையில் அந்தச் சொட்டுப் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. டவுன் பாடசாலையில் சேர்ந்தபோது, இவன் எங்கிருந்து வருகிறான் என்று சட்டையை மோந்தாலே தெரியும் என்று ஒரு வாத்தியார் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

நாற்பது வயது தாண்டியதும் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். "பீடி, சுருட்டுப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார்கள். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லைங்க, அடுப்பு ஊதுற பழக்கம்தான்" என்றார். கேட்டவர் அட்டையில் "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அட்டையில் ஏறாமல் போன அந்தப் பாதிப் பதிலைப் பற்றித்தான் மகள் நான் உங்களோடு பேச நினைக்கிறேன். உங்கள் 12 அளவுகோல்களில் எனக்கு முக்கியமானது ஒன்றே ஒன்று. பிரச்சினை என்று எதைச் சொல்கிறார்கள், அதில் யாருடைய மூச்சைக் கணக்கில் எடுக்கிறார்கள்? 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த வளி ஒழுங்குவிதிகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 1994ல் வந்து 2008ல் திருத்தியது கட்டடத்துக்கு வெளியே உள்ள காற்றைப் பற்றியது. 2019ல் வந்தது தொழிற்சாலைப் புகைபோக்கிகளைப் பற்றியது. வாகனப் புகைப் பரிசோதனை 2008 முதல் நடக்கிறது. ரோடு இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, வாகனம் இருக்கிறது. அம்மா உட்கார்ந்திருந்த இடம் இவற்றில் எதற்குள்ளும் வரவில்லை. உலகம் முழுக்க வீட்டு அடுப்புப் புகையால் 2020ல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. வெளிக்காற்றின் எல்லையை 25லிருந்து குறைப்பதா வேண்டாமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, ஈர மிலாறு எரியும் மூடின அடுப்படிக்குள் அந்த எல்லையைப் போல் பல மடங்கு நிற்கிறது.

கணக்கில் யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சட்டம் நல்லதாகவும் தெரியும், பைத்தியக்காரத்தனமாகவும் தெரியும். நீங்கள் சொன்ன அமெரிக்காவிலேயே இது நடந்தது. 2011 டிசம்பரில் அவர்களுடைய சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மின்நிலையங்களின் பாதரசப் புகைக்கு ஒரு விதி கொண்டுவந்தது. வருஷச் செலவு 9.6 பில்லியன் டொலர். பாதரசம் குறைவதால் வரும் நன்மையில் பணமாக மதிப்பிட முடிந்தது வருஷத்துக்கு 4 முதல் 6 மில்லியன் டொலர்தான். அதே ஏற்பாட்டால் நுண்துகளும் குறையும், அதனால் தப்பும் உயிர்களையும் சேர்த்தால் நன்மை 37 முதல் 90 பில்லியன். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி தேவையா என்று முடிவெடுக்கும்போதே செலவையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2015ல் தீர்ப்பு வந்தது. 2020ல் அப்போதிருந்த ஆட்சி அந்த நுண்துகள் நன்மையை ஒதுக்கிவிட்டு இந்த விதி தேவையில்லை என்றது. 2023ல் அடுத்த ஆட்சி தேவைதான் என்றது. கடைசி இரண்டு ஆட்சிகளின் சண்டையும் பெரும்பாலும் எந்த நுரையீரலைக் கூட்டலில் போடுவது என்பதில்தான். எந்த வரைவைப் பார்த்தாலும் உங்கள் கண் முதலில் அந்தக் கூட்டலுக்குப் போக வேண்டும்.

அடுப்படிக்குள் சட்டம் எப்படி நுழையும், பொலிஸ் வந்து நெருப்பை அணைக்குமா என்று கேட்பீர்கள். வேறு வழிகளை யோசித்தார்களா என்று உங்கள் அளவுகோலில் இருக்கிறதே, அதை இங்கே பயன்படுத்துங்கள். தோட்டங்களில் இப்போது கட்டும் புது வீடுகளின் வரைபடத்தில் அடுப்படிக்குப் புகைக்கூண்டு கட்டாயம் என்று ஒரு வரி போதும். லயங்களைத் திருத்தும்போது நடுச்சுவரைக் கூரை வரை எழுப்பி, புகை போக வழி விடச் சொல்லலாம். காஸ் விலையும் வளி மாசு விஷயம்தான். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய். கிட்டத்தட்ட ஐந்து நாள் கொழுந்து எடுத்தால் ஒரு சிலிண்டர். டவுனில் காஸ் பழகினவர்கள்கூட அந்த வருஷம் விறகுக்குத் திரும்பினார்கள். அந்தக் காலத்து நுண்துகள் காற்றை அளக்கும் எந்த நிலையத்தின் கருவியில் பதிவாகியிருக்கும் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த விதி நம்மை என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். மக்களின் ஆரோக்கியமும் சுற்றாடலும்தான் காரணம் என்றார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். 2021ல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022ல் 251 மில்லியனுக்கு விழுந்தது. கொழுந்து குறைந்தால் வேலைநாளும் குறையும் என்று தெரிந்த ஒரு ஆளிடமாவது முன்கூட்டிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு விளங்காது என்று அன்றைக்கும் யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.

இன்னொன்று. ஒரு அணைக்கட்டோ பெரிய தொழிற்சாலையோ வருவதென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒழுங்குவிதிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அமைச்சர் ஆக்கி வர்த்தமானியில் போட்டால் நடைமுறைக்கு வந்துவிடும், பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குப் போவது அதற்குப் பிறகு. ஆகவே வரைவு கைக்கு வரும் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே ஆதாரம் சேர்க்கத் தொடங்குங்கள்.

அடுத்த கூட்டத்தை ஹட்டன் டவுனில் வைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பெண்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஏதாவது ஒரு லயத்தில் வையுங்கள். எந்த விறகு, எத்தனை மணி நேரம் அடுப்பு எரிகிறது, சமைக்கும்போது பிள்ளை எங்கே படுத்திருக்கிறது, யாருக்கு இழுப்பு, மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். நுண்துகள் அளக்கும் சின்னக் கருவிகள் இப்போது குழுவாகச் சேர்ந்தால் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. நீதிமன்றத்துக்கு அது போதாது, அதிகாரிகளிடம் கேள்வி கேட்கப் போதும். விடியற்காலையில் ஒரு காம்பராவிலும், அதே நேரத்தில் வெளியே ரோட்டிலும் வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கருத்தைத் தமிழில் எழுதுங்கள். சட்டங்களும் துணைநிலைச் சட்டங்களும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரையே சொல்கிறது. அனுப்பும் முன் அந்த லயத்துப் பெண்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தச் சொன்னதைத் திருத்துங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்