ஆர்க்டிக் பனியாறு உருகுவதை எதை வைத்து அளக்கிறார்கள்? செயற்கைக்கோள் இருக்கும்போது நேரில் போவது எதற்கு?

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. ஓர் ஏப்ரலில், ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், நீ-ஓலெசுண்டு என்ற ஆய்வு ஊருக்கு ஆய்வுக்குழுவோடு போனேன். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது.

என் பதில்: அலுமினியக் கம்பம். நீராவித் துரப்பணத்தால் பனிக்கட்டியில் ஆழமாகத் துளை போட்டு அதில் இறக்குவார்கள். எவ்வளவு வெளியே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, கோடை முடிந்ததும் மறுபடி அளப்பார்கள். ஒரு மீட்டர் கூடுதலாகத் தெரிந்தால் ஒரு மீட்டர் பனிக்கட்டி போய்விட்டது, தண்ணீர்க் கணக்கில் சுமார் 90 சென்டிமீட்டர். பக்கத்திலுள்ள ஆஸ்ட்ரே ப்ரொகர்பிரீன் பனியாற்றில் நார்வேக்காரர்கள் 1967 முதல் ஆண்டு தவறாமல் இப்படிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

செயற்கைக்கோளுக்கு மேற்பரப்பு இறங்கியது தெரியும். இறங்கியது பஞ்சு மாதிரியான புதுப்பனியா, கெட்டிப் பனிக்கட்டியா என்பதற்குக் குழி தோண்டித்தான் ஆகவேண்டும். குழியின் சுவரில் உலோகக் குழாயைப் பக்கவாட்டில் செருகி, உள்ளே வந்த பனியை அப்படியே எடை போடுவோம். குழாயின் கொள்ளளவு தெரியும் என்பதால், எடையை வைத்துப் பனி எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடலாம். காற்றில் தராசு ஆடிக்கொண்டே இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, குனிந்து, அதை என் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் எண்ணைப் படித்தேன்.

பனியாற்றின் தடிமனை அளக்க ரேடார். ரேடியோ அலை பனிக்கட்டிக்குள் ஒரு மைக்ரோவினாடிக்கு, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, சுமார் 168 மீட்டர் ஓடும். அடிவரை போய் எதிரொலியாக ஒரு மைக்ரோவினாடியில் திரும்பினால், ஆழம் அதில் பாதி, 84 மீட்டர். கோடையில் உருகிய நீர் அலையைச் சிதறடிக்கும், அதனால்தான் வசந்தத்திலேயே போகிறார்கள்.

குளிரைவிட ஈரம்தான் கருவிக்கு எமன். முதல் நாள் மாலை, பதிவுக்கருவியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த கையோடு திறந்துவிட்டேன். ஏர்கான் பேருந்திலிருந்து தேக்காவில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குமே, அதே மாதிரி மின்சுற்றுப் பலகை முழுக்க நீர் முத்துகள். இரண்டு நாள் தரவு போயிற்று. அதன் பிறகு வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி, உள்ளே வைத்து, மறுநாள் காலைதான் பிரித்தேன். பேட்டரிகளுக்குச் சட்டையின் உள்பை. அங்கே விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஆண்டெனா இருக்கிறது; அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று வைஃபை, புளூடூத் இரண்டுக்கும் தடை, ஆகவே கம்பி வழியாகத் தரவு தரும் கருவியைத்தான் எடுத்துப்போக வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், கிரீன்லாந்து போன்ற பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது கரைந்தால் பிடி தளர்ந்து, அருகிலுள்ள கடல் தாழும், தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கடல் சராசரியைவிடக் கூடுதலாக உயரும். சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பங்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.