செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு மாதச் சிப்பிப்பாறை ஆண் நாய் இருக்கிறது. அடிக்காமல் பழக்க வேண்டும் என்பதற்காக, அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கர் என்ற சிறு கருவி ஒன்றை வாங்கினேன். அதை அழுத்தினால் நாய் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறது. ஆனால் 'உட்கார்' என்று எத்தனை முறை சொன்னாலும் உட்காருவதில்லை. ஒரு வாரம் ஆகிவிட்டது. எங்கே தவறு செய்கிறேன்?
வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: நீங்கள் கிளிக்கரை அழைப்பு மணியாகப் பயன்படுத்தி வந்திருக்கிறீர்கள், உங்கள் நாயும் அதை அப்படியே பிழையின்றிக் கற்றுக்கொண்டிருக்கிறது. அது மந்தமான நாய் இல்லை என்பதற்கு இதுவே சான்று. அந்தச் சிறு கருவி எதற்காக என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

நாய் உட்காருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மகிழ்ந்து, திரும்பி, டப்பாவைத் திறந்து, தீனியை எடுத்து நீட்டுவதற்குள் நான்கைந்து விநாடிகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் நாய் எழுந்து உங்கள் கையை முகரத் தொடங்கியிருக்கும். தீனி எதற்குக் கிடைத்தது? நாயின் கணக்கில், கையை முகர்ந்ததற்குத்தான். இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே 'கிளிக்' ஒலி வந்தது. 'இந்தக் கணத்தில் செய்தாயே, அதுதான் சரி. அதற்குரிய தீனி வந்துகொண்டிருக்கிறது' என்பதே அதன் பொருள். டால்பின்களைப் பழக்குகிறவர்கள் விசில் ஊதுவதும் இதே காரணத்தால்தான்: நீரை விட்டு எழும்பித் தாவுகிற டால்பினின் வாயில் அந்த நொடியிலேயே மீனைக் கொடுக்க யாராலும் இயலாது, ஆனால் விசில் ஒலி அதை எட்டிவிடும். உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் 1951ஆம் ஆண்டிலேயே, வீட்டு நாய்க்கும் இப்படி ஒரு குறி ஒலியைப் பழக்கலாம் என்று எழுதினார். ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் போன்றோரின் முயற்சியால் 1990களில் இம்முறை நாய் வளர்ப்போரிடையே பரவியது.

ஆகவே முதலிலிருந்து தொடங்குங்கள். நாயை அருகில் கொண்டுவரும் முன் நீங்கள் தனியாகப் பழக வேண்டும். வீட்டில் ஒருவரை ஒரு பந்தைத் தரையில் போடச் சொல்லி, அது தரையைத் தொடுகிற அதே நொடியில் கிளிக்கரை அழுத்திப் பாருங்கள். முதல் நாள் பெரும்பாலும் தாமதமாகத்தான் அழுத்துவீர்கள். இருபது முப்பது முறை செய்தபின் விரல் பழகிவிடும். இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்கள் பிறகு நாயைக் குறை சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து, கதவைச் சாத்திய அறையில், நாய் பசியோடிருக்கும் வேளையில், எந்தக் கட்டளையும் இல்லாமல் ஒருமுறை அழுத்துங்கள். உடனே ஒரு துண்டுத் தீனியைக் கொடுங்கள். ஒலி முதலில், அதன் பிறகே கை டப்பாவுக்குப் போக வேண்டும். இந்த வரிசையில் பலரும் தவறுகிறார்கள். கை முந்திவிட்டால் நாய் கையைத்தான் கவனிக்கும், ஒலியைக் கேட்காது. ஓடி வரும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால், நாயை உங்களிடம் வரவைக்காமல் அது நிற்கிற இடத்துக்கே தீனியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பத்துப் பதினைந்து முறைக்குப்பின், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் நாய் ஒலி கேட்டதும் காதை நிமிர்த்தித் தீனியை எதிர்பார்த்துப் பார்த்தால், அந்த ஒலிக்குப் பொருள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

முதல் பாடமாக உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திறந்த உள்ளங்கையை நாயின் மூக்கிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் நீட்டுங்கள். என்னவென்று பார்க்க மூக்கை நீட்டும். ஈரமான மூக்கு நுனி கையில் படுகிற கணத்தில் அழுத்துங்கள், பிறகு தீனி கொடுங்கள். பெரும்பாலான நாய்கள் ஐந்து நிமிடத்துக்குள், 'நான் ஏதோ செய்தால் அந்த ஒலி வருகிறது' என்பதைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த அந்தக் கணத்தில் நாயின் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். காதுகள் முன்னே வரும், மறுபடியும் வேண்டுமென்றே வந்து மூக்கால் இடிக்கும். அதைப் பார்த்த பிறகு பிரம்பை எடுக்க யாருக்கும் மனம் வராது.

உட்காருவதற்கு வருவோம். சிப்பிப்பாறை வேட்டைக்கென வளர்க்கப்பட்ட ஒல்லியான உடல்வாகுடைய இனம். சதைப்பற்றில்லாத பின்பகுதியை வெறும் சிமெண்டுத் தரையில் அழுத்தி உட்கார அது தயங்கலாம். மடித்த சணல் சாக்கு ஒன்றை விரித்துப் பாருங்கள். தீனியை மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாகப் பின்புறம் நோக்கி மெதுவாக நகர்த்தினால் தலை உயரும், பின்பகுதி தாழும். சாக்கில் படும்போது கிளிக்கரை அழுத்துங்கள், உட்கார்ந்திருக்கும்போதே ஊட்டிவிடுங்கள். முதுகைக் கையால் அழுத்த வேண்டாம். நாய் தயங்காமல் உட்காரத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். 'உட்கார்' என்ற சொல் ஒரு வாரமாகப் பொருளின்றி அதன் காதில் விழுந்துகொண்டிருப்பதால், 'அமர்' என்பதுபோல் புதிய சொல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலுள்ள அனைவரும் அதையே சொல்லுங்கள். ஒருவர் 'உக்காரு' என்றும் இன்னொருவர் 'சிட்' என்றும் சொன்னால் நாய் என்ன செய்யும்?

ஒரு வேளைக்கு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை போதும். தவறுதலாக அழுத்திவிட்டாலும் தீனி கொடுத்துவிடுங்கள். ஒலி கேட்டும் தீனி வராத அனுபவம் சில முறை ஏற்பட்டாலே அதன்மேல் நாய்க்குள்ள நம்பிக்கை குறைந்துவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம். கோழி, ஈரல் எதுவும் வீட்டில் செய்வதில்லை. வேறு என்ன கொடுக்கலாம்? மேலும், தீனி காட்டி வேலை வாங்குவது லஞ்சம் கொடுப்பதுபோல் என்று என் மாமனார் வருந்துகிறார்.
வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: உப்பும் மசாலாவும் சேர்க்காத பனீர், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவித்த கேரட் ஆகியவை நல்லவை. துண்டு ஒவ்வொன்றும் அரைக் கொண்டைக்கடலை அளவில் இருக்கட்டும். மெல்ல நேரம் எடுத்தால் பாடம் அறுந்துவிடும். இப்படிக் கொடுப்பவை நாளின் மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்கு வழக்கமான உணவைக் குறைத்துவிடுங்கள். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்ந்த பண்டங்கள் ஆகியவற்றை எக்காரணத்தாலும் கொடுக்காதீர்கள். இவை நாய்களுக்கு நஞ்சு. பிரசாதப் பொங்கலில் இருந்து பொறுக்கிய உலர்திராட்சைகூட வேண்டாம்.

உங்கள் மாமனாரின் கவலையில் ஒரு நியாயம் உண்டு. தீனியைக் கண்முன் ஆட்டினால்தான் உட்காருவேன் என்று நாய் பழகிவிட்டால் அது லஞ்சம்தான். ஆகவே ஐந்தாறு முறைக்குப்பின் கையில் தீனி இல்லாமல் அதே கையசைவை மட்டும் செய்யுங்கள். நாய் உட்கார்ந்ததும் கிளிக்; அதன் பிறகு அலமாரியில் உள்ள டப்பாவிலிருந்து தீனி. வேலை முடிந்தபின் கிடைப்பது கூலி என்று அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு நாள் அவரிடமே கிளிக்கரைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து மாத ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்கவில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். இதற்கு இந்தப் பயிற்சி பயன்படாதல்லவா?
வாசகர் ஒருவர், சிவகாசி

பதில்: பயன்படும், மனம் தளர வேண்டாம். வெள்ளை நிற நாய்களில் பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்திருப்பதுண்டு, ராஜபாளையம் குட்டிகளிலும் இதைக் காண்கிறோம். குறி ஒலிக்குப் பதிலாகக் குறிச் சைகை ஒன்றைப் பழக்குங்கள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது போதுமானது. விரல் உயர்ந்ததும் தீனி, விரல் உயர்ந்ததும் தீனி என்று மேலே சொன்ன முறையிலேயே தொடங்கலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: குட்டி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் சைகை போய்ச் சேரும். எனவே, அது தானாக நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்திப் பரிசு கொடுங்கள். இப்படிப் பழகிய குட்டி சில வாரங்களில் உங்களை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கும். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள். மூக்கருகே கையை நீட்டி, வாசனையால் விழிக்கச் செய்யுங்கள். வெளியே போகும்போது சங்கிலியைக் கழற்ற வேண்டாம். பின்னால் வரும் லாரியின் சத்தம் அதற்குக் கேட்காது.

கேள்வி: கிளிக்கர் சத்தத்துக்கே எங்கள் நாய் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. இதை எத்தனை காலம் கையில் வைத்திருக்க வேண்டும்?
வாசகர் ஒருவர், சேலம்

பதில்: அழுத்துப் பேனாவின் ஒலி மென்மையானது, அதைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அஞ்சினால் 'பலே' என்று ஒரே தொனியில் சொல்லுங்கள். 'சரி' வேண்டாம், நாள் முழுவதும் தொலைபேசியில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். குறி ஒலி, புதிதாக ஒன்றைக் கற்பிக்கும் காலத்துக்கு மட்டுமே தேவை. சொன்னவுடன் வீட்டிலும் வாசலிலும் தெருவிலும் தடுமாறாமல் செய்யத் தொடங்கிவிட்டால், அந்தப் பாடத்துக்கு அதை நிறுத்திவிடலாம். பாராட்டும், எப்போதாவது ஒரு துண்டுப் பனீரும் தொடரட்டும்.