வீட்டு ஃபயர்பிளேஸுக்குள் வைக்கும் இரும்பு கிரேட்: வார்ப்பிரும்பு நல்லதா, ஸ்டீல் நல்லதா?

நீங்கள் மலையில் பழைய பங்களா ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சமவெளிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. எந்த இரும்பு என்பது அப்புறம். கிரேட் என்பது கட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கம்பித் தட்டு, அது அடுப்பின் அளவுக்குப் பொருந்த வேண்டும். அதனால் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு ஃபயர்பிளேஸ் அடுப்புக்குள் தலையை விடுங்கள்.

குன்னூரில் எங்கள் வீடு வெள்ளைக்காரன் காலத்தது. அதிலிருந்த வார்ப்பிரும்பு கிரேட் அப்பா காலம் முழுக்க உழைத்தது. ஒரு மே மாதம் விருந்தாட வந்த அண்ணன் மகன், படுக்கப் போகும்போது நெருப்பை அணைக்கிறேன் என்று தணல் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். டங்கென்று விரிசல் விட்டது. வார்ப்பிரும்பு சூட்டைத் தாங்கும், திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. அதைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டவும் முடியாது.

அண்ணன் ரோஷப்பட்டு ஆன்லைனில் 28 அங்குல கிரேட் ஒன்றை வரவழைத்தார். அடுப்பு முன்பக்கம் 30 அங்குலம் என்பது சரிதான், ஆனால் பின்சுவர் 20தான். பக்கச் சுவர்கள் சாய்வாக இருப்பது அழகுக்காக அல்ல, சூடு அறைப் பக்கம் திரும்பத்தான். 1790களிலேயே ரம்ஃபோர்டு என்பவர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். அண்ணன் வாங்கியது உள்ளே போகாமல் பாதி வெளியே நின்றது. கட்டையைப் பற்ற வைத்தால் புகை புகைபோக்கிக்குப் போகாமல் ஹாலுக்கு வந்தது. "சிம்னிதான் சரியில்லை" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் பட்டறையில் சொல்லி ஸ்டீலில் செய்தேன். 20 மி.மீ. சதுரக் கம்பி, முன்பக்கம் 22 அங்குலம், பின்பக்கம் 15, ஆழம் 11, கால் 3 அங்குல உயரம். கம்பிகளுக்கு நடுவே ஒரு அங்குலம் விட்டால் தணல் சீக்கிரம் கீழே கொட்டாது. கட்டை உருண்டு வராமலிருக்க முன்முனைகளை மேல்நோக்கி வளைக்கச் சொல்லுங்கள். மெல்லிய கம்பி ஒரே குளிர்காலத்தில் தொய்ந்துவிடும். கால்வனைஸ் கம்பி, பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கிரில் இரண்டும் கூடவே கூடாது. கால்வனைஸ் என்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகும், அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு.

கிரேட்டே வேண்டாம், சாம்பல் மேல் கட்டையை வைத்தால் தணல் நிற்கும் என்று ஒருவர் நிச்சயம் கமெண்டில் வருவார். உண்மைதான். ஆனால் ஜூலை ஈரத்தில் அடியில் காற்று போகாமல் அவர் பற்ற வைத்துக் காட்டட்டும். ஹீட்டர் போதாதா என்பவர்கள் மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போகும் அழகைப் பார்த்ததில்லை. மரத்தை எரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் எரிப்பது காய்ந்த சீகை (வாட்டில்) கட்டை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்குள்ள சோலைக் காட்டையும் புல்வெளியையும் விழுங்கிக்கொண்டிருக்கும் மரம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் வந்தால் எல்லாருக்கும் இது "நம்ம வீடு". ஜூலையில் கூரை ஒழுகினால் "உன் வீடு". ஓடு மாற்றியதற்கும் வீட்டு வரிக்கும் பங்கு கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள், ஆனால் ஃபயர்பிளேஸ் முன்னால் உட்கார்ந்து எடுத்த போட்டோ மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தவறாமல் வரும். சரி, அதை விடுங்கள்.

சாம்பல் கம்பியைத் தொடும் அளவுக்குச் சேர விடாதீர்கள், சூடு அடங்கிக் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். தணல் முழுக்க அணையும்வரை புகைபோக்கியின் மூடியையும் சாத்தாதீர்கள். பட்டறையில் கிலோ கணக்கில்தான் விலை பேசுவார்கள், எடை போடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.