சுண்டுவிரல் மரத்துப்போனால் முதலில் சீட்டைப் பாருங்கள்

ஏரிக்கரையும் வயல்வெளியுமாகப் போகும் நீண்ட சைக்கிள் பயணத்தில், மூன்றாம் நாளிலிருந்து சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன, தடித்த கையுறை போட்டும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு விரல்கள் மட்டும் என்றால், உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாகப் போகும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது என்றே தோன்றுகிறது.

கையுறையை விடுங்கள், முதலில் சீட்டைக் கவனியுங்கள். அதன் முன்முனை கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தாலே உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தாங்குவது கைதான். ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்து மட்டமாக்குங்கள். அப்புறம் ஹேண்டில்பாரை ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்துங்கள். பெரும்பாலும் இதிலேயே பாதி சரியாகிவிடும்.

வயல் நடுவே சரளைப் பாதையில் டயர் கல் மாதிரி இருந்தால் அதிர்வெல்லாம் உள்ளங்கையில்தான் இறங்கும். முன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறையுங்கள். மூட்டை பின்னால் இருந்தால் பின் டயரில் அவ்வளவு குறைக்க வேண்டாம். ஏரிக்கரையின் எதிர்காற்றில் நம்மை அறியாமலே பிடி இறுகும். கியரை இறக்கி, சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள், மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

இரவு ஓய்வுக்குப் பிறகும் மரப்பு போகவில்லை, விரலை விரிக்க வலுவில்லை என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.