முகூர்த்தத்துக்கு ஒரு பேக்கப் பாடி: 1500டி போதுமா?

கேள்வி: கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறேன். கையில் கேனான் 6டி மார்க் 2, 24-70 எஃப் 2.8, 50 எஃப் 1.8 லென்ஸ்கள், ஒரு பிளாஷ், பிளாஷைத் தூரத்திலிருந்து வெடிக்க வைக்கும் பழைய வயர்லெஸ் ட்ரிக்கர் இருக்கின்றன. ஒரே பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) நம்பி மண்டபத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது. பேக்கப்புக்குப் புதிதாக ஒரு கேனான் 1500டி வாங்கலாமா? அதிலும் 24 மெகாபிக்சல் இருக்கிறதே?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் 1500டி வேண்டாம். அந்தப் பணத்தோடு தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்த்து, செகண்ட் ஹேண்டில் ஒரு 80டி தேடுங்கள். 70டி நல்ல நிலையில் கிடைத்தாலும் சரிதான்.

இதனால் 1500டி மோசமான கேமரா என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில், நல்ல லென்ஸ் போட்டு எடுத்தால், அதன் படத்தை 12க்கு 36 இன்ச் ஆல்பம் தாளில் முழுசாகப் போடலாம். மாப்பிள்ளை வீட்டார் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். பேக்கப் பாடியிடம் நான் முதலில் கேட்பது வேறு. கெட்டிமேளம் முழங்கும்போது மெயின் பாடி செத்துவிட்டால், பையில் இருக்கும் மற்ற எல்லாமும் அப்படியே இதில் ஏறி, சில நொடிகளில் அடுத்த படம் விழுமா? உங்கள் பையை வைத்துப் பார்த்தால், 1500டி இதில்தான் தடுமாறும்.

முதலில் பிளாஷ். உங்கள் 6டி மார்க் 2-வின் தலையில் பிளாஷ் சொருகும் இடத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி, அதன் அருகே சின்னச் சின்னதாகச் சில புள்ளிகள். நடுப் புள்ளிதான் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான 'வெடி' என்ற கட்டளையைக் கொண்டுபோவது. சின்னப் புள்ளிகள் கேனானுக்கே உரிய பேச்சுக்கு. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகிய மாடல்களில் கேனான் அந்த நடுப் புள்ளியை எடுத்துவிட்டது. கேனானின் சொந்த பிளாஷ் அதில் வேலை செய்யும். நடுப் புள்ளியை மட்டும் நம்பியிருக்கும் மேனுவல் பிளாஷும் பழைய ட்ரிக்கரும் அதில் வெடிக்கவே வெடிக்காது. கோடாக்ஸ் போன்றவர்களின் புதிய ட்ரிக்கர்கள் சில, மென்பொருளைப் புதுப்பித்தால் வேலை செய்கின்றன. உங்களுடையது பழையது என்கிறீர்கள். கடைக்கு அதையே எடுத்துப்போய், சொருகிப் பார்க்காமல் இந்த மாடல்கள் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். மணவறையின் இரு பக்கமும் ஸ்டாண்டில் நிற்கும் லைட்கள் எரியாவிட்டால், மெகாபிக்சல் எத்தனை இருந்து என்ன?

அடுத்தது பேட்டரி. 6டி மார்க் 2-வில் இருப்பது எல்பி-இ6என். 80டி-யும் அதையே சாப்பிடும், 70டி-யிலும் அது பொருந்தும். 1500டி-க்கு எல்பி-இ10, 860 எம்ஏஎச்தான், உங்கள் பேட்டரியின் கொள்ளளவில் பாதிகூட இல்லை. சார்ஜரும் தனி. காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு ராத்திரியே கிளம்பும் தொழிலில், இரண்டு வகை பேட்டரி, இரண்டு சார்ஜர் என்பது மறதிக்கு நாமே போட்டுக் கொடுக்கும் வழி.

மூன்றாவது, கைப் பழக்கம். மேனுவல் மோடில் நீங்கள் ஷட்டரை ஒரு சக்கரத்திலும் அப்பர்ச்சரை இன்னொரு சக்கரத்திலும் மாற்றிப் பழகியவர். 1500டி-யில் இருப்பது ஒரே சக்கரம். அப்பர்ச்சர் மாற்ற, பின்னால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே அதைத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் விரல் பழைய இடத்தைத்தான் தேடும். ஒயிட் பேலன்ஸும், அதாவது லைட்டுக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வதும், அப்படியே. வீடியோக்காரர் லைட்டைப் பார்த்து, நீங்கள் 4300 கெல்வின் (ஒளியின் நிற அளவு) என்று எண்ணாகவே போட்டுவிடுவீர்கள். 1500டி-யில் கெல்வின் எண் போடும் வசதியே கிடையாது. வெள்ளைத் தாளைப் படம் எடுத்து கஸ்டம் வைக்கலாம்தான், தாலியைக் கையில் எடுத்துக் கொடுக்கும் நேரத்தில் யார் தாள் தேடுவது? ஆட்டோவில் விட்டால் பட்டுப்புடவையின் அரக்கு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறம் காட்டும். ஆல்பம் டிசைன் செய்பவர் திட்டுவார்.

ஃபோகஸையும் சொல்ல வேண்டும். 1500டி-யில் 9 புள்ளிகள், நடுவில் உள்ளது மட்டுமே கிராஸ் டைப், அதாவது குறுக்கு, நெடுக்கு இரண்டு கோடுகளிலும் ஃபோகஸ் பிடிக்கும் வகை. 80டி-யில் 45, எல்லாமே கிராஸ் டைப். குறைந்த வெளிச்சத்தில் உங்கள் மெயின் பாடி மைனஸ் 3 ஈவி (வெளிச்ச அளவு, எண் குறையக் குறைய இருட்டு) வரை ஃபோகஸ் பிடிக்கும் என்கிறது கேனான். 1500டி-க்குச் சொல்வது 0 ஈவி. 3 ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு. 50 எஃப் 1.8 போன்ற லென்ஸ் கொஞ்சம் முன்னால் பின்னால் ஃபோகஸ் செய்தால், 80டி, 70டி இரண்டிலும் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் போட்டுச் சரிசெய்யலாம். 1500டி-யில் அதற்கு வழியில்லை.

80டி வாங்கினாலும் தீராத விஷயம் ஒன்று உண்டு: சென்சார் அளவு. 80டி போன்ற ஏபிஎஸ்-சி பாடியில், அதாவது உங்கள் ஃபுல் பிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ளதில், உங்கள் 24-70, ஏறக்குறைய 38-112 போலப் பார்க்கும். மேடையில் இருபது பேர் கொண்ட குடும்பப் படத்துக்குப் பின்னால் நகர இடமிருக்காது. அதற்கு ஏபிஎஸ்-சி பாடிக்கென்றே வந்த இஎஃப்-எஸ் 10-18 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை, எடையும் இல்லை. ஆனால் இஎஃப்-எஸ் லென்ஸ் எதுவும் 6டி மார்க் 2-வில் பொருந்தாது. இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் பழைய 6டி தேடலாம்: ஃபுல் பிரேம், உங்கள் பேட்டரியே போதும். ஃபோகஸ் புள்ளிகள் மட்டும் 11தான். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் மாறும் எண்ணம் இருந்தால், கூடுதல் பணத்துக்கு இஓஎஸ் ஆர் யோசிக்கலாம். உங்கள் பேட்டரி போகும், அடாப்டர் போட்டால் இஎஃப் லென்ஸ்களும் போகும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 80டி, 70டி, 6டி மூன்றின் ஷட்டரும் 1 லட்சம் கிளிக் வரை தாங்கும்படி சோதிக்கப்பட்டவை. எத்தனை ஓடியிருக்கிறது என்று கேனான் படக் கோப்பைப் பார்த்துப் பொதுவாகத் தெரிந்துகொள்ள முடியாது. சர்வீஸ் சென்டரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசியும் கறையும் தெரிந்துவிடும். உங்கள் பிளாஷ், ட்ரிக்கர், லென்ஸ், கார்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

வாங்கியதைப் பைக்குள் தூங்க விடாதீர்கள். 50 எஃப் 1.8 போட்டு இரண்டாவது தோளில் மாட்டுங்கள். ஏபிஎஸ்-சி-யில் அது 80 போலாகி, மணப்பெண்ணின் முகத்துக்கு அருமையாக இருக்கும். உங்கள் 6டி மார்க் 2-வில் கார்டு போட ஒரே இடம்தான். கார்டு கெட்டால், பாடி நன்றாக இருந்தும் படம் போய்விடும். அதனால் உதவியாளர் இருந்தால், தாலி கட்டும் நேரத்தில் இரண்டாவது பாடியை அவர் கையில் கொடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள். மூன்று முடிச்சும் இரண்டு கார்டில் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே பழைய 1200டி அல்லது 1300டி கிடந்தால், அடுத்த பாடி வாங்கும் வரை அதையே கொண்டுபோங்கள். அவற்றில் பிளாஷுக்கான நடுப் புள்ளி உண்டு, உங்கள் ட்ரிக்கர் வெடிக்கும். எந்தப் பாடியாக இருந்தாலும், கிளம்புமுன் இரண்டின் கடிகாரத்தையும் நொடி சுத்தமாக ஒன்றாக்கிவிடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரில் நேரப்படி அடுக்கும்போது, மாலை மாற்றுவதற்கு முன்பே மெட்டி போட்டதாக வரும்.